நாவல்பழமும் புளூபெர்ரியும் குடல் அழற்சிக்கு மருந்தல்ல

ஆடி மாதத்தில் திருமயம் வழியாகப் போகிறவர்கள் கோட்டைப் பாறையைப் பார்த்தபடியே நாவல்பழம் வாங்கலாம். கூறு கட்டி வைத்த பழத்தில் உப்பைத் தூவிக் குலுக்கித் தருவார்கள். “சர்க்கரைக்கு நல்லது, வயித்துப் புண்ணுக்கு நல்லது” என்று ஒரு வார்த்தையும் கூடவே வரும். வாங்குகிறவர் அதை மறுப்பதில்லை. தாத்தா சொன்னதும் அதுதான், கைப்பேசியில் வந்து விழுகிற காணொளி சொல்வதும் அதுதான்.

இந்த நம்பிக்கைக்கு இப்போது இரண்டு வேடங்கள். நாவல், நெல்லி, களா, மணத்தக்காளி என்று நாட்டுப்பழங்களைச் சொல்வது கிராமத்து வேடம். தொலைதேசத்திலிருந்து விமானமேறி வந்து, 125 கிராம் பிளாஸ்டிக் பெட்டியில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் புளூபெர்ரியையும் அதன் பொடியையும் மாத்திரையையும் சொல்வது நகரத்து வேடம். படித்தவர் ‘ஆன்ட்டி ஆக்சிடன்ட்’ என்பார், படிக்காதவர் ‘குளிர்ச்சி’ என்பார். இருவரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே: கறுத்த, நீலமான பழங்களின் நிறமி குடல் அழற்சியை ஆற்றிவிடும், அதனால் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்கி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தக் கருத்து தவறு. பழத்தின்மேல் யாருக்கும் பகை இல்லை. ஆனால் மருந்து இருக்க வேண்டிய இடத்தில் பழத்தை வைத்தால், நோயாளி தன் குடலையே விலையாகக் கொடுக்க நேர்கிறது. அதனால்தான் இதை வரிவரியாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் நோய். குடல் அழற்சி நோய் என்று மருத்துவர்கள் சொல்வது முக்கியமாக இரண்டு நோய்களை. பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, சளியும் ரத்தமுமாகப் பேதி போவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859 இல் எழுதிய குறிப்பிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வரக்கூடியது, குடற்சுவரின் முழுத் தடிமனையும் அரிக்கக்கூடியது குரோன் நோய். நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பர்ரில் குரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1932 இல் இதை விவரித்தார்கள். இரண்டிலும் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்குகிறது. இரண்டும் ஒரே சீராகப் போவதில்லை. திடீரென்று கிளம்பும், சில மாதம் அடங்கிக் கிடக்கும், சொல்லாமல் மறுபடியும் வரும்.

அந்த ‘அடங்கிக் கிடக்கும்’ காலத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழத்துக்குக் கிடைக்கும் பாராட்டில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

திருமயம் வட்டாரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் இந்த நோயைப் பற்றிய குழப்பம் ஒரு சொல்லில் தொடங்குகிறது. ‘அல்சர்’ என்றால் நம் ஊரில் எல்லாமே அல்சர். நெஞ்செரிச்சலும் அல்சர், பசி நேரத்தில் மேல்வயிறு காந்துவதும் அல்சர், பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி ரத்தம் போவதும் அல்சர். இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அதை 1982 இல் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓரிரு வாரம் சரியான மாத்திரை எடுத்தால் பெரும்பாலும் அந்த பாக்டீரியா அழிந்து, புண்ணும் ஆறிவிடும். பெருங்குடல் அழற்சியின் காரணம் வேறு, வைத்தியம் வேறு, காலமும் வேறு. மணத்தக்காளி வாய்ப்புண்ணை ஆற்றும் என்று பாட்டி சொன்னதை எடுத்து, ஒரே பெயரால் ஏமாந்து, பெருங்குடலுக்கும் பொருத்திவிடுகிறோம். இதில் இன்னொரு வேதனை உண்டு. குரோன் நோயாளிகள் சிலருக்கு வாய்ப்புண்ணே நோயின் ஓர் அறிகுறி. மாதக்கணக்கில் கீரையும் பழமுமாகத் தின்று வாயை ஆற்றப் பார்க்கிறவர்கள், கீழே குடல் என்ன ஆகிறது என்று பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள்.

‘பெர்ரி’ என்ற சொல்லும் இதே மாதிரியான குழப்பந்தான். தாவரவியலில் ஸ்ட்ராபெர்ரி பெர்ரி அல்ல, ராஸ்பெர்ரியும் அல்ல. தக்காளியும் கத்தரிக்காயும் வாழைப்பழமும் திராட்சையும் பெர்ரி. மணத்தக்காளி அசல் பெர்ரி. சந்தையில் பெர்ரி என்று ஒரே பெட்டியில் போடும் பழங்கள் வெவ்வேறு குடும்பங்களில் பிறந்தவை, வெவ்வேறு வேதிப்பொருள்களைக் கொண்டவை. அப்படியிருக்க, ‘பெர்ரி குடலுக்கு நல்லது’ என்ற வாக்கியம் எந்தப் பழத்தைச் சொல்கிறது, எவ்வளவு சாப்பிடச் சொல்கிறது, எந்த நோய்க்கு எத்தனை நாளைக்குச் சொல்கிறது? தமிழில் இந்தப் பழங்களுக்குப் பொதுப்பெயரே கிடையாது. சூரை என்றால் சூரை, களா என்றால் களா. முள்ளுக்குள் கைவிட்டுப் பறித்தவர்களுக்கு ஒன்று இன்னொன்றாகாது என்பது தெரியும். அந்தத் தெளிவு மருத்துவப் பேச்சில் காணாமல் போய்விட்டது.

சரி, எதிர்த்தரப்பின் வலுவான சான்றையே எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் நடந்த ஓர் ஆய்வு 2013 இல் வெளியானது. லேசான, நடுத்தரமான பெருங்குடல் அழற்சி உள்ள 13 பேருக்கு ஆறு வாரம் தினமும் பில்பெர்ரி என்ற பழத்தின் தயாரிப்பைக் கொடுத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் அடங்கியது. குடலில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று மலத்தில் அளந்து காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதமும் இறங்கியது. உலகம் முழுக்கப் பெர்ரி விளம்பரங்கள் இதைத்தான் மேற்கோள் காட்டுகின்றன.

விளம்பரங்கள் சொல்லாமல் விடுவதைப் பார்க்க வேண்டும். ஆய்வில் இருந்தவர்கள் 13 பேர்தான். தான் என்ன சாப்பிடுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. கொடுத்தது நிறமியைச் செறிவாக்கிய, அளந்து தயாரித்த பொருள், கைப்பிடிப் பழமல்ல. பில்பெர்ரியும் கடையில் விற்கும் புளூபெர்ரியும் ஒன்றுமல்ல. பில்பெர்ரியை வெட்டினால் சதை முழுக்க ஊதா. கடைப் புளூபெர்ரியை வெட்டினால் தோல்தான் நீலம், உள்ளே வெளிறிய சதை. நிறமியே மருந்து என்று வாதிடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பில்பெர்ரியை நிறுத்திய பிறகு கால்புரோடெக்டின் மறுபடியும் ஏறியது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். நோய் தீர்ந்துவிடவில்லை.

அந்த ஆய்வாளர்கள் நேர்மையானவர்கள். இது தொடக்கநிலை முயற்சி என்று அவர்களே சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல், நிறமிச்சாற்றை ஒரு குழுவுக்கும் போலி மருந்தை இன்னொரு குழுவுக்கும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாதபடி மறுபடியும் சோதித்தார்கள். முடிவு 2024 இல் வெளியானது. நோயாளிகளின் உடல்நிலை எவ்வளவு தேறியது என்ற முதன்மை அளவுகோலில் இரண்டு குழுக்களுக்கும் இடையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. நிறமிச்சாறு எடுத்தவர்களின் கால்புரோடெக்டின் குறைந்தது என்பது மட்டும் ஆறுதல். அதுவும் சிறிய ஆய்வு. மேலும் ஆராயத் தகுந்த விஷயம் என்று சொல்ல இது போதும். மாத்திரையை நிறுத்தச் சொல்ல இது போதவே போதாது.

போலி மருந்தோடு ஒப்பிடுவது ஏன் இத்தனை முக்கியம்? பெருங்குடல் அழற்சிக்கு நடந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன. பத்தில் ஒருவருக்கு நோய் அடங்கியே இருந்தது. அது தானாக அடங்கும் நோயின் குணம், நம்பிக்கையும் கவனிப்பும் தரும் தெம்பு. அந்த நேரத்தில் ஒருவர் நாவல்பழம் சாப்பிட்டிருந்தால் பெயர் நாவலுக்குப் போகும், புளூபெர்ரி சாப்பிட்டிருந்தால் புளூபெர்ரிக்குப் போகும். ‘எனக்குக் கேட்டது’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பழம் சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவரால் அறிய முடியாது. அதை அறியத்தான் இரண்டு குழு வைத்துச் சோதிக்கிறார்கள்.

அடுத்து எலிச் சான்று. ஸ்ட்ராபெர்ரி, கறுப்பு ராஸ்பெர்ரி, புளூபெர்ரி என்று பலவற்றை எலிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாகச் செய்திகள் வருகின்றன. அந்தச் சோதனைகள் பொய்யல்ல. ஆனால் அவற்றில் எலிக்கு நோய் எப்படி வருகிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்ற ரசாயனத்தைச் சில நாள் கலந்து கொடுத்து அதன் பெருங்குடலைப் புண்ணாக்குவார்கள். ரசாயனத்தை நிறுத்தினால் புண் மெல்ல ஆறத் தொடங்கும். பழமும் பெரும்பாலும் புண் வருவதற்கு முன்பிருந்தே தீவனத்தில் கலக்கப்படும். வருடக்கணக்கில் எதிர்ப்பாற்றல் தடம் மாறிக் குடலைத் தாக்கும் மனிதரின் நோயும், ஒரு வாரத்து ரசாயனக் காயமும் ஒன்றாகிவிடாது.

நிறமிக்கு வேலையே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியில் மிகச் சிறிய பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. மீதி பெருங்குடலுக்கு வந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் சிறு சிறு பொருள்களாக உடைக்கப்படுகிறது. பெருங்குடலில் அது ஏதாவது நன்மை செய்யலாம் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்ப்பதற்கு இதுவே காரணம். நாவல்பழத்தின் கருநீலத்துக்குக் காரணமான டெல்பினிடின், பெட்டூனிடின், மால்விடின் ஆகியவை பில்பெர்ரியிலும் உண்டு. உள்ளூர்ப் பழத்தைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் நியாயமில்லை. ஆனால் ஒரே பழத்தைத் தின்ற இருவரின் குடல் பாக்டீரியாக்கள் ஒன்றல்ல. உடைந்து வரும் பொருள்களும் ஒன்றல்ல. அழற்சி முற்றிய குடலில் அந்த பாக்டீரியாக்களின் கட்டமைப்பே குலைந்து கிடக்கிறது. சோதனைக் குழாயில் நடந்தது அங்கேயும் நடக்கும் என்று எந்தத் துணிவில் சொல்வது?

“பழம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருகிறதே” என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர்கள் 1,70,776 பேரை 26 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2013 இல் வெளியான ஆய்வில், நார்ச்சத்தை, குறிப்பாகப் பழங்களிலிருந்து, அதிகம் எடுத்தவர்களுக்குக் குரோன் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் அதே ஆய்வில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் விஷயத்தில் அப்படி ஒரு தெளிவான தொடர்பு தென்படவில்லை. இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,16,087 பேரைக் கவனித்து 2021 இல் வெளிவந்த ‘ப்யூர்’ ஆய்வு, ஆலையில் பலபடியாகப் பக்குவம் செய்து பாக்கெட்டில் வரும் உணவை அதிகம் உண்பவர்களுக்குக் குடல் அழற்சி நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. பிள்ளைகள் கையில் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பதிலாக நெல்லிக்காய் இருக்க வேண்டும் என்பதற்கு இவை நல்ல காரணங்கள். ஆனால் வராமல் காப்பது ஒரு வேலை, வந்ததை அடக்குவது இன்னொரு வேலை. கூரையை ஒழுங்காக வேய்ந்தால் வீட்டுக்குள் மழைநீர் வராது. வெள்ளம் புகுந்த பிறகு கூரை வேய்வதால் தண்ணீர் வடிவதில்லை.

“நம் ஊர்ப் பக்கம் இந்த நோயே கிடையாது, நாட்டுப்பழம் தின்று வளர்ந்த உடம்பு” என்ற பேச்சையும் நிறுத்த வேண்டும். 2003 இல் வெளியான ஆய்வுக்காகப் பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் 51,910 பேரை வீடு வீடாகப் பார்த்தபோது 23 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. அதாவது லட்சத்துக்கு 44 பேர். இது மேலைநாட்டு நோய் என்ற எண்ணத்தை அந்தக் கணக்கு உடைத்தது. 2023 இல் ஹைதராபாத் மருத்துவர்கள், வயிற்று உபாதைகளோடு வந்த 30,000-க்கும் மேற்பட்ட தெலங்கானா மக்களைப் பெருங்குடல் உள்நோக்கி வைத்துப் பரிசோதித்த கணக்கை வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் குடல் அழற்சி நோய் இருந்தது. கிராமத்தாருக்கும் நகரத்தாருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கிராமத்தில் நோய் இல்லை என்று தோன்றுவதற்குப் பெரிய காரணம், கிராமத்தில் யாரும் ‘கேமரா விட்டுப்’ பார்க்காததுதான். ரத்தம் போனால் மூலம் என்று எண்ணெய் தடவுகிறார்கள். சளியோடு போனால் சீதபேதி என்று மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்குகிறார்கள். இரண்டும் கேட்காதபோது ‘சூடு’ என்று பழத்துக்கு வருகிறார்கள்.

இனி, எல்லோரும் கடைசியாகக் கேட்கும் கேள்வி: “பழந்தானே, தின்றால் என்ன நஷ்டம்?”

நஷ்டம் உண்டு. குரோன் நோயில் சிறுகுடல் தழும்பேறிச் சில இடங்களில் குழாய்போலச் சுருங்கிவிடும். நம் நாட்டில் குடல் காசநோயும் இதே வேலையைச் செய்யும். அப்படிச் சுருங்கிய இடத்தில் பழத்தோலும் நாரும் விதையும் போய் அடைத்தால், வயிறு உப்பி, வாந்தியெடுத்து, அவசர அறுவைவரை போகும். தின்னும் வேகத்தில் நாவல் கொட்டையையும் இலந்தைக் கொட்டையையும் விழுங்கிவிடுவது நம்மிடம் சாதாரணம். நல்ல குடலில் அது வழியோடு போய்விடும், சுருங்கிய குடலில் போகாது. சாப்பிட்டதும் வயிற்றைப் பிசைந்து வாந்தி வருகிற ஒருவரிடம், குடல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல், “களாக்காய் தின்னு” என்று சொல்வது ஆபத்தான அன்பு.

ரத்தசோகை அடுத்தது. நாளுக்கு நாலைந்து முறை ரத்தம் போகிறவர் உடம்பில் இரும்புச்சத்து குறைந்துவிடும். நாவலைத் தின்றால் நாக்கு வறண்டு பிடிக்குமே, அந்தத் துவர்ப்பின் பெயர் டானின். அது சாப்பாட்டிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைக் கட்டிப்போட்டு, உடம்பில் சேர விடாமல் தடுக்கும். இரும்பு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கையோடு துவர்ப்புப் பழத்தைத் தின்கிறவர், ஒரு கையால் ஏற்றியதை மறுகையால் இறக்குகிறார்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய நஷ்டம் காலம். பழத்தை நம்பி ஆறு மாதம் போனால், அந்த ஆறு மாதமும் அழற்சி சும்மா இருப்பதில்லை. தழும்பு கூடுகிறது, வளரும் பிள்ளையாக இருந்தால் உயரம் நின்றுபோகிறது, வருடக்கணக்கில் அடங்காமல் இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பும் ஏறுகிறது. குடல் காசநோயும் குரோன் நோயும் ஒன்றுபோலவே தோன்றுவதால் நம் நாட்டில் இந்தத் தாமதம் இரட்டிப்பு ஆபத்து. ஒன்றுக்கு ஆறு மாதக் கூட்டு மருந்து, மற்றொன்றுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. காசநோயாளிக்கு இரண்டாவதை மட்டும் கொடுத்தால் காசநோய் கிளம்பிவிடும். சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதித்தும் தேர்ந்த மருத்துவர்களே சில நேரம் தடுமாறும் இடம் இது. அங்கே பழக்கடைக்காரரும் காணொளிக்காரரும் தீர்ப்புச் சொல்வதை எப்படி ஏற்பது?

மாத்திரைமேல் மக்களுக்கு இருக்கும் அச்சம் புரிகிறது. வருடக்கணக்கில் விழுங்குவது எளிதல்ல. ஸ்டீராய்டு எடுத்தவருக்கு முகம் வீங்குவதையும் சர்க்கரை ஏறுவதையும் ஊரே பார்க்கிறது. அந்தக் கஷ்டத்தை யாரும் சிறிதாகச் சொல்லக் கூடாது. ஆனால் மருந்து இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதும் பதிவாகி இருக்கிறது. கடுமையான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அப்போது பலரின் உயிரைக் குடித்தது. 1955 இல் வெளியான ஆய்வில் ஆக்ஸ்போர்டின் ட்ருலவ்வும் விட்ஸும் 210 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியது, போலி மருந்துக் குழுவில் 16 பேருக்கு. அந்த ஒப்பீடுதான் இந்த நோயின் போக்கை மாற்றியது. ஸ்டீராய்டு நெருப்பை அணைக்கச் சில வாரம் மட்டுமே, பிறகு அடங்கிய நோயை அடங்கியபடி வைக்க மெசலமின் போன்ற மருந்துகள் என்று வைத்தியம் இன்று நெடுந்தூரம் வந்துவிட்டது.

அந்த மெசலமினை நிறுத்தினால் என்ன ஆகும்? சிகாகோவில் நோய் அடங்கியிருந்த 99 பேரைப் பின்தொடர்ந்து 2003 இல் ஓர் ஆய்வு வெளியானது. மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களில் நூற்றுக்கு 89 பேருக்கு நோய் அடங்கியே இருந்தது. ஒழுங்காக எடுக்காதவர்களில் 39 பேருக்குத்தான். நோய் திரும்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். ‘இப்போதான் நல்லாயிருக்கே, இனிமே பழம் போதும்’ என்று சொல்லி மாத்திரைப் பட்டையை மூலையில் போடும் வீடுகள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நன்றாக இருக்கும் நாட்கள்தான் மாத்திரை வேலை செய்கிற நாட்கள்.

உணவுக்கு வைத்தியத்தில் இடமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. இடம் உண்டு, சோதித்து நிரூபித்த பிறகு உண்டு. அதைத் தமிழ்நாடே செய்து காட்டியிருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் குழுவினரும் காலரா நோயாளிகளின் உப்புச்சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒப்பீட்டுக் குழுக்களும் வைத்தார்கள். மாவுச்சத்து பெற்றவர்களுக்குப் பேதி குறைந்தது, சீக்கிரம் நின்றது. 2000 இல் உலகின் முதன்மை மருத்துவ இதழ் ஒன்று அதை வெளியிட்டது. சமையலறைப் பொருள் ஒன்று மருத்துவத்துக்குள் மரியாதையாக நுழைந்தது இந்த வழியில்தான்.

மஞ்சளின் கதையும் இதைத்தான் சொல்கிறது. ஜப்பானில் 89 நோயாளிகளுக்கு, வழக்கமான மாத்திரையோடு சேர்த்து ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு மஞ்சளில் உள்ள குர்குமினை 2 கிராம் கொடுத்தார்கள். 2006 இல் வந்த முடிவில் குர்குமின் குழுவில் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு, மற்றக் குழுவில் 20 பேருக்குச் சற்று மேல். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அளவைக் குறைத்து 450 மில்லிகிராமில் சோதித்தார்கள். 2017 இல் வந்த முடிவு: பலனில்லை. ஒரே பொருள்தான், அளவும் நோயின் நிலையும் மாறியதும் விடையும் மாறியது. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு. 2 கிராம் குர்குமினுக்கு நாளுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். ரசத்தில் போடும் ஒரு சிட்டிகை மஞ்சளையும் இந்த ஆய்வையும் ஒரே வாக்கியத்தில் சேர்ப்பது எப்படித் தவறோ, அப்படித்தான் ஒரு கூறு நாவல்பழத்தையும் சூரிச் ஆய்வையும் சேர்ப்பது.

கிராமத்தின் பெருமை பேசுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி உண்டு. எய்ம்ஸ் குழு 2022 இல் வெளியிட்ட ஆய்வில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு ஆரோக்கியமான கிராமத்து மக்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைப் பெருங்குடலில் செலுத்தி, அழற்சியைத் தணிக்கும் உணவுமுறையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான மருந்து பெற்ற குழுவைவிட இவர்களுக்கு நோய் கூடுதலாக அடங்கியது. கிராமத்து உடம்பில் ஏதோ நல்லது இருக்கிறது என்ற எண்ணத்தை அவர்கள் முழக்கமாக விட்டுவிடவில்லை, வாரம் வாரமாகச் செலுத்தி அளந்து பார்த்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோற்றை வைத்துக் குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆய்வு நடந்ததும் இதே பாதையில்தான். நாவலும் நெல்லியும் களாவும் அந்த மரியாதைக்குத் தகுதியானவை. அவற்றை விரும்புகிறவர்கள் கேட்க வேண்டியது அத்தகைய ஆய்வைத்தான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. எந்த உணவுப்பொருளும் ஒரு நோயைத் தீர்க்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கின்றன 2018 இன் உணவு விளம்பர விதிகள். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘குடல் அழற்சிக்கு இயற்கைத் தீர்வு’ என்று பெர்ரிப் பொடி விற்கிறவர்கள் இதைப் படித்திருக்க வேண்டும்.

எதிர்முனைத் தவறையும் சொல்லிவிட வேண்டும். நோய் என்று தெரிந்தவுடன் பழத்தையெல்லாம் நிறுத்தி, ஆண்டுக்கணக்கில் கஞ்சியும் இட்லியுமாகப் பத்தியம் வைக்கும் வீடுகள் இருக்கின்றன. நோய் அடங்கி, குடலில் சுருக்கமும் இல்லாதவர் நாவல்பழத்தை மற்றவர்களைப்போலவே சாப்பிடலாம். கொட்டையைத் துப்பிவிட வேண்டும், இரும்பு மாத்திரை நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டும், அவ்வளவுதான். நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் தோலும் விதையும் உள்ளவற்றை மருத்துவர் சொல்லும்வரை தள்ளி வைக்கலாம். பழம் தின்றதும் மலம் கறுத்தால் அது பழத்தாலா, உள்ளே ரத்தக் கசிவாலா என்பதையும் ஊகிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாட்டுப்பழத்தின்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்களுக்குத் திருமயத்திலும் பக்கத்து அரிமளத்திலும் வேறு வேலை காத்திருக்கிறது. சூரையும் காரையும் களாவும் பாலையும் வளர்ந்த புதர்க்காடுகளின் இடத்தில் தைலமரங்கள் வரிசையாக நிற்கின்றன. பள்ளி விட்டு வரும் பிள்ளை வழியில் பறித்துத் தின்ற பழங்களின் பெயர்களே மறந்துவருகின்றன. அந்தக் காட்டை மீட்கக் குரல் கொடுத்தால், மருந்து என்ற பொய்ச் சான்றிதழ் இல்லாமலே அந்தப் பழங்கள் பிழைத்துக்கொள்ளும்.

நோயாளிக்கு வேண்டியது சரியான வாசல். திருமயத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், 2017 இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முடியாததற்குத் திருச்சியும் மதுரையும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்த ஊழியர்கள் கையில் இருக்கும் கேள்விகளோடு இன்னும் ஒன்றை அரசு சேர்க்கட்டும்: “மூணு நாலு வாரமா வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுதாம்மா? ராத்திரி எந்திரிச்சுப் போறீங்களா?” ஆமாம் என்று ஒருவர் சொன்னால், அவர் பெயர் அன்றே பரிசோதனைக்கான பட்டியலில் ஏறட்டும். அவர் பேருந்து ஏறும்போது மடியில் ஒரு கூறு நாவல்பழம் இருந்தால் அதில் தவறில்லை.